45 எந்த மாவட்டம்?

லினக்ஸ் கணினியின் கட்டளை வரியில் டிஎஃப் என்று தட்டினால், வன்தட்டில் எவ்வளவு இடம் போயிற்று, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஓர் அட்டவணை வந்து நிற்கும். அதில் ஆறு நிரல்கள். ஆனால் தலைப்பு வரியில் உள்ள சொற்களை எண்ணிப் பார்த்தால் ஏழு இருக்கும். கடைசி நிரலின் பெயர் மட்டும் இரண்டு சொற்களாலானது. வன்தட்டு எந்த இடத்தில் கோக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். பார்க்கிற கண்ணுக்கு இதில் ஒரு இடைஞ்சலும் இல்லை. கண் நிரலைப் பார்க்கிறது, சொல்லை எண்ணுவதில்லை. அதே அட்டவணையை இன்னொரு செய்நிரலிடம் கொடுத்து, இடைவெளி வருமிடமெல்லாம் வெட்டு என்றால், தலைப்பை ஏழு துண்டாகவும் கீழே உள்ள வரிகளை ஆறு துண்டாகவும் வெட்டிவிட்டுத் திருதிருவென்று விழிக்கும். பெயருக்குள் இடைவெளி உள்ள யூஎஸ்பி ஒன்றைச் செருகினால் அந்த ஒரு வரி மட்டும் ஏழாகும். பழைய டிஎஃப்பில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. வட்டின் பெயர் நீண்டுவிட்டால், எண்கள் எல்லாம் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். பார்ப்பவருக்கு நிரல் கோணாமல் இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். பொசிக்ஸ் தரத்தில் இந்தக் கட்டளைக்குப் பி என்றொரு தெரிவு இருக்கிறது. அந்தத் தெரிவைக் கொடுத்தால் ஒரு வட்டுக்கு ஒரு வரி; என்ன நேர்ந்தாலும் மடிக்கக்கூடாது. இந்த அத்தியாயம் பேசப்போகிற பெரிய விடயம் அந்தச் சின்னத் தெரிவுக்குள் முளைவிட்டு நிற்கிறது: ஒரு கருவி கண்ணுக்குச் சொல்வதும் இன்னொரு கருவிக்குச் சொல்வதும் ஒரே வாக்கியமாக இருக்க முடியாது.

இதற்கு எதிராக ஒரு பழைய, மதிப்புள்ள வாதம் உண்டு. பெல் ஆய்வுகூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் பல ஆண்டுகளாக வற்புறுத்திவந்த ஒன்றை 1973இல் கென் தொம்சன் யுனிக்ஸில் செய்துகாட்டினார்: ஒரு செய்நிரலின் வெளியீட்டை அப்படியே அடுத்ததன் உள்ளீடாக ஓடவிடும் குழாய். குழாயில் ஓடுவது வெறும் எழுத்து; எந்தச் செய்நிரலுக்கும் அது புரியும், எந்த மனிதருக்கும் புரியும். அரை நூற்றாண்டாக இந்த ஏற்பாடு உலகத்தைத் தாங்கிக்கொண்டு இருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். தாங்கியது உண்மை. ஆனால் எதனால் தாங்கியது என்று பார்க்க வேண்டும். ஆரம்பக் கருவிகள் வரி வரியாகச் சொற்பட்டியல்களையும் எண்களையும் கையாண்டன. தம் வெளியீட்டை வேறொரு செய்நிரல் வாசிக்கும் என்று எண்ணி, தேவையற்ற அலங்காரத்தைத் தவிர்ப்பதையே யுனிக்ஸ் குழு ஓர் ஒழுக்கமாக வைத்திருந்தது. பிறகு வந்த கருவிகள் மனிதருக்காக நிரல் ஒழுங்குபடுத்தின, நிறம் பூசின, பைட்டுக் கணக்கைச் சுருக்கி 3.2 ஜி என்று எழுதின. அந்த ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கருவிக்குள் கடைசி பைட்டு வரை சரியான எண் இருந்தது. அச்சிடும் கணத்தில் அது தொலைந்தது. அடுத்த கருவி அந்த 3.2ஐ வைத்துக்கொண்டு, ஆயிரத்தால் பெருக்குவதா 1024ஆல் பெருக்குவதா என்று ஊகிக்கிறது. ஏற்கெனவே தெரிந்திருந்த ஒன்றை மறக்கச் செய்து, பிறகு ஊகித்துத் திரும்பப் பெறுவது விசித்திரமான சிக்கனம்.

ஊகம் தவறினால் வன்தட்டு நிறைந்துவிட்டதாகப் பொய்யாக ஓர் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான் என்று தோன்றலாம். தவறுக்கு வேறு விலை கொடுக்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. வன்னியில் போர் 2009 மே மாதம் முடிந்தபோது, முகமாலையிலிருந்து முல்லைத்தீவுக் கரை வரை நிலத்துக்குள் மிதிவெடிகள் மிஞ்சியிருந்தன. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளும் இராணுவத்தின் பிரிவொன்றும் அவற்றைக் கிளறி எடுத்துவருகின்றன. இலங்கை 2017 டிசெம்பர் 13ஆம் திகதி, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்கக் கெடு 2028 ஜூன் 1. வெளியில் தெரிவது மண்ணைச் சுரண்டும் ஆட்களும் சிவப்புத் தடிகளும்தான். அதற்கு அடியில் ஓடுவது ஒரு பெரிய பதிவேடு. ஒவ்வொரு வெடிநிலத்துக்கும் ஓர் அடையாளப் பொருள், அதிலிருந்து ஒரு மேற்கோள் புள்ளி, அதிலிருந்து தொடக்கப் புள்ளி, பிறகு திருப்பம் திருப்பமாக எத்தனை பாகையில் எத்தனை மீற்றர் என்று எல்லை சுற்றிவரும். உலகெங்கும் இந்தப் பதிவேட்டுக்குப் பயன்படும் மென்பொருள் இம்ஸ்மா. ஜெனீவாவில் இருக்கும் மனிதாபிமான மிதிவெடி அகற்றல் நிலையத்தினுடையது. இலங்கையும் அதையே பயன்படுத்துகிறது.

இனி அந்தப் பதிவேட்டிலிருந்து ஒரு தாள் அச்சாகி வருவதாக வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு எண்கள்: அகலக்கோடு, நெடுங்கோடு. வாசிப்பவருக்கு அது ஓர் இடம். உண்மையில் அது இடமாவதற்கு மூன்றாவது ஒரு தகவல் வேண்டும்: பூமியை எந்த உருவமாகக் கருதி, எங்கிருந்து அளந்த எண்கள் இவை? இலங்கையின் பழைய நில அளவை வரைபடங்கள் நீர்கொழும்புப் பக்கத்திலுள்ள கந்தவல என்ற இடத்தின் பெயரால் வழங்கும் அளவீட்டுச் சட்டகத்தில் வரையப்பட்டவை. கையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகச் சட்டகத்தில் பேசுகிறது. ஒன்றின் எண்களை மற்றதன் எண்களாக எடுத்துக்கொண்டால் புள்ளி நூறு மீற்றருக்கும் மேல் நகர்ந்துவிடும். வெடிநிலத்தின் எல்லையைத் தடிநட்டுக் குறிக்கும் வேலையில் நூறு மீற்றர் என்பது என்ன என்று விளக்கத் தேவையில்லை. தாளை அச்சிட்டவர் சட்டகத்தின் பெயரை விட்டுவிட்டது அலட்சியத்தால் ஆக வேண்டியதில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததை ஒவ்வொரு தாளிலும் யார் எழுதுவார்? அட்டவணை என்பதே, வாசிப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று எழுதுபவர் போட்ட கணக்கு. அலுவலகச் சுவரைத் தாண்டிப் போனதும் அந்தக் கணக்கு பிழைத்துவிடுகிறது. பெயரை எழுதினாலும் தீராது என்பதற்கு வன்னியே சாட்சி. கந்தவல என்பதைத் தமிழில் காதால் கேட்டு எழுதினால் கண்டாவளை என்று எழுத நிறைய வாய்ப்பிருக்கிறது. கண்டாவளையோ கிளிநொச்சி மாவட்டத்தின் பிரதேச செயலர் பிரிவு ஒன்று. வரைபடக்காரர்கள் இதற்காகவே ஒவ்வொரு சட்டகத்துக்கும் இபிஎஸ்ஜி எண் கொடுத்திருக்கிறார்கள். கந்தவல 4244. டபிள்யூஜிஎஸ் 84க்கு 4326. மனிதர் எவரும் இந்த எண்களை மனப்பாடம் செய்ய விரும்பமாட்டார். பொறிக்கு இதைவிடத் தெளிவான சொல் இல்லை.

வரைபடத் தரவைத் திறக்கும் கருவிகள் இந்தப் பாடத்தைக் கற்ற விதத்தைக் கிட்ட நின்று பார்க்கலாம். 1998இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கிய ஜிடால் என்ற மென்பொருள், கியூஜிஐஎஸ் போன்ற பல வரைபடச் செயலிகளுக்கு அடியில் இருக்கிறது. அதன் ஜிடால்இன்ஃபோ என்ற கட்டளை ஒரு செய்மதிப் படத்தின் நான்கு மூலைகளும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும். பாகைக்கு ஆங்கில டி எழுத்தும், கலைக்கு ஒற்றைக் குறியும், விகலைக்கு இரட்டைக் குறியும் இட்டு, பக்கத்தில் திசையையும் எழுதும். நிரல் கோணாமல் இருக்க விகலை பத்துக்குக் குறைந்தால் முன்னால் ஓர் இடைவெளி விடும். ஆக, அந்த வரியில் எத்தனை சொற்கள் என்பதே படத்தின் மூலை பூமியில் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது! ஒரு படத்தில் பிசகின்றி ஓடிய செய்நிரல், சில நூறு மீற்றர் தள்ளி எடுத்த அடுத்த படத்தில் தடுக்கி விழும். 2015இல் வந்த 2.0 பதிப்பில் அதற்கு, பொறி வாசிப்பதற்கான ஜேசன் வடிவத்தில் வெளியிடும் தெரிவு சேர்ந்தது. மூலை, சட்டகம், அளவு என்று ஒவ்வொன்றும் பெயரிட்டு, அடைப்புக்குறிக்குள் ஒழுங்காக வந்தது. அதன் உடன்பிறப்பான ஓஜிஆர்இன்ஃபோவுக்கு அதே தெரிவு 2023இல், 3.7 பதிப்பில்தான் கிடைத்தது. எட்டு ஆண்டுகள் இடைவெளி. அந்த எட்டு ஆண்டும் அட்டவணையைக் கத்தரித்து எண் பொறுக்கியவர்கள் எழுதிய சில்லறைச் செய்நிரல்கள் எத்தனை என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இம்ஸ்மா தரப்பிலோ, ஒரு நிலையத்தின் பதிவு இன்னொன்றுக்குப் போகும்போது பொருள் சிதையாதிருக்க, எக்ஸ்எம்எல் அடிப்படையில் மாக்ஸ்எம்எல் என்றொரு வடிவத்தை முன்னமே வகுத்திருந்தார்கள். மிதிவெடி வேலைக்காரர்கள் கணினி வேலைக்காரர்களை முந்திக்கொண்டதில் வியப்பில்லை. தடி நடுகிறவர் அவர்கள்தானே.

இரண்டு வெளியீடு என்றால் இரண்டு மடங்கு வேலை, ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவார்கள், கடைசியில் இரண்டும் இரண்டு கதை சொல்லும் என்பது கருவி எழுதுகிறவர்களின் மறுப்பு. நியாயமான பயம். கண்ணுக்கான அட்டவணையை முதலில் எழுதி, பிறகு அதையே பிரித்து ஜேசன் செய்தால் அப்படித்தான் ஆகும். வழி, வரிசையைத் திருப்பிப் போடுவது. ஜூனிப்பர் நிறுவனத்தில் உருவாகி ஃப்ரீபிஎஸ்டிக்குப் போன லிப்எக்ஸ்ஓ என்ற நூலகத்தில், எழுதுபவர் ஒவ்வொரு மதிப்புக்கும் பெயரையும் அச்சிடும் முறையையும் ஒரே இடத்தில் ஒரு முறை சொல்கிறார். அதிலிருந்து அட்டவணையும் எக்ஸ்எம்எல்லும் ஜேசனும் பிரிந்து வருகின்றன. மூன்றும் ஒரே ஊற்று. ஒன்று மட்டும் பழையதாகப் போக வழியில்லை. என் பார்வையில் இதைவிட முக்கியமானது வேறொன்று, அது வாக்குறுதி. கிட் மென்பொருளில், மனிதர் புழங்கும் கட்டளைகளைப் பீங்கான் என்றும் உள்ளே ஓடுபவற்றைக் குழாய் வேலை என்றும் பகிடியாகச் சொல்வார்கள். கழிப்பறைச் சாமான்தான் உவமை. நிலவரம் காட்டும் கட்டளைக்கு, மற்றச் செய்நிரல்கள் வாசிப்பதற்கென்றே ஒரு தெரிவு வைத்தார்கள். அதற்குப் பீங்கான் என்றே பெயர் வைத்து எல்லோரையும் குழப்பியது வேறு கதை. ஆனால் அந்தத் தெரிவோடு, இதன் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறாது என்று எழுதிக்கொடுத்தார்கள். வடிவத்தை மேம்படுத்த வேண்டி வந்தபோது பழையதைத் தொடாமல் 2016இல் இரண்டாம் பதிப்பு என்று தனியே ஒன்று கொடுத்தார்கள். பொறிக்கான வெளியீடு சேர்ப்பதால் மனிதருக்கான வெளியீடு விடுதலை பெறுகிறது. அதன்பின் அட்டவணைக்கு நிறம் மாற்றலாம், நிரலைக் கூட்டலாம், தமிழாக்கலாம். எவருடைய செய்நிரலும் உடையாது. இருமடங்கு வேலை என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த வரவை எழுத மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ஜேசனாகக் கொடுத்துவிட்டால் உண்மையாகிவிடுமா? ஆகாது, இதற்கும் வன்னியில் அழகான உதாரணம் உண்டு. இலங்கைத் தொகைமதிப்புத் திணைக்களத்தின் மாவட்டக் குறியீட்டில் யாழ்ப்பாணம் 41, மன்னார் 42, வவுனியா 43, முல்லைத்தீவு 44, கிளிநொச்சி 45. கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது; கடைக்குட்டிக்குக் கடைசி எண் போலும். நாடுகளின் உட்பிரிவுகளுக்கு எண் கொடுக்கும் ஐஎஸ்ஓ 3166 தரத்திலோ யாழ்ப்பாணம் 41, கிளிநொச்சி 42, மன்னார் 43, வவுனியா 44, முல்லைத்தீவு 45. யாழ்ப்பாணம் மட்டும் இரண்டிலும் ஒன்று. ஆகவே கொழும்பிலோ ஜெனீவாவிலோ ஒருவர், ஒன்றில் குடும்பக் கணக்கும் மற்றதில் மழைக் கணக்கும் உள்ள இரண்டு கோப்புகளை 45 என்ற எண்ணால் இணைத்தால், கிளிநொச்சியின் குடும்பங்களுக்கு முல்லைத்தீவின் மழை பெய்யும். கணினி முணுமுணுக்காது, இரண்டு கோப்பும் இலக்கணம் தவறாத ஜேசன், எண்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. முல்லைத்தீவு என்று எழுத்தில் இருந்திருந்தால் வாசிக்கிற ஒருவராவது புருவம் உயர்த்தியிருப்பார். அதாவது பொறிவடிவம் ஒரு தவறைத் தடுக்கும் அதே நேரம், தவறைக் கண்டுபிடிக்கும் மனிதக் கண்ணையும் வழியிலிருந்து அகற்றிவிடுகிறது. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். அதிலிருந்து வரும் முடிவு மட்டும் வேறு: பெயரும் வேண்டும், எண்ணும் வேண்டும், அந்த எண் எந்தக் குறியீட்டேட்டிலிருந்து எடுத்தது என்பதும் வேண்டும். அட்டவணையில் இத்தனைக்கும் இடமில்லை. ஜேசனில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

தமிழ் வாசகருக்கு இதன் இன்னொரு முகம் நன்றாகப் பழக்கமானது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதம் கண்ணுக்கு நல்ல தமிழ். கோப்பைத் திறந்து பார்த்தால், தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த வேஷம் கலைந்துவிடும். யுனிகோட்டில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் இலங்கையில் பாமினி நீண்ட காலம் பரவலாகப் புழங்கியதால், தேடினால் அகப்படாத தமிழ் ஆவணங்கள் குவிந்திருக்கின்றன. கிளிநொச்சி என்று தேடுபவருக்கு அந்த ஆவணங்களில் கிளிநொச்சியே இல்லை. இந்தச் சொற்களை ஜேசனுக்குள் போட்டாலும் ஜேசன் ஒன்றும் சொல்லாது. ஜேசனின் 2017ஆம் ஆண்டுத் தரம் யுடிஎஃப்-8 குறியாக்கத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நான்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் யுடிஎஃப்-8தானே. வடிவம் சட்டப்படி செல்லும், உள்ளே இருப்பது மட்டும் தமிழ் இல்லை.

கடைசியாக, கணினி நிரலாளர் எவரும் இல்லாத அலுவலகங்களின் மறுப்பு. பிரதேச செயலகத்திலோ நீர்ப்பாசன அலுவலகத்திலோ இருப்பவருக்கு அடைப்புக்குறிக் காட்டைக் கொடுத்து என்ன பயன்? அவருக்கு வேண்டியது அட்டவணை. சரி, அட்டவணையை எவரும் பறிக்கச் சொல்லவில்லை. அட்டவணை மட்டுமே இருந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் பார்க்கலாம். இரணைமடு போன்ற ஒரு குளத்தின் மட்டம் 12 அடி 6 அங்குலம் என்பதைச் சிறுகோடு இட்டு 12-6 என்று எழுதினால், குளக்கட்டில் நிற்பவருக்கு அது விளங்கும். எக்செலில் தட்டினால் அது திகதியாகிவிடும். கோட்டைப் புள்ளியாக்கித் தப்பித்தால் 12.6 அடியாகும், உண்மையோ 12.5. எக்செலின் இந்தத் திகதிப் பித்துக்குத் தோற்று, மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே 2020இல் சில மரபணுக்களின் பெயரை மாற்றிக்கொண்டது. குளங்களுக்கு அந்த வசதி இல்லை. இங்கே நடுவழி ஒன்றும் இருக்கிறது. ஐநாவின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் முன்னெடுத்த எச்எக்ஸ்எல் என்ற முறையில், வழக்கமான அட்டவணையின் தலைப்புக்குக் கீழே ஒரேயொரு நிரை கூட்டுகிறார்கள். ஒவ்வொரு நிரலிலும் இருப்பது என்ன என்று கொத்துக்குறி போட்டுச் சொல்லும் நிரை அது. தலைப்பு தமிழில் இருக்கலாம், சிங்களத்தில் இருக்கலாம். பொறி அந்தக் கொத்துக்குறியை மட்டும் பார்த்துக்கொள்ளும். அரைகுறையான ஏற்பாடு என்று தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் தவறுகள் வரும். அவற்றில் சத்தம் போடும் தவறுகளும் உண்டு, போடாதவையும் உண்டு. ஜியோஜேசன் என்ற வடிவத்தின் 2016ஆம் ஆண்டுத் தரம் நெடுங்கோட்டை முதலில் எழுதச் சொல்கிறது; 4326 என்ற இபிஎஸ்ஜி வரையறையோ அகலக்கோட்டை முதலில் வைக்கிறது. கிளிநொச்சி நகரம் வடக்கே 9.4, கிழக்கே 80.4. இந்த இரண்டையும் மாற்றி வாசித்தால் கிளிநொச்சி வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பால் உறைகடலில் போய் விழும். வரைபடத்தைத் திறந்த கணமே சிரிப்பு வரும். ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். சட்டகத்தின் பெயர் விடுபட்ட புள்ளி அப்படிச் சிரிக்க வைக்காது. அது சற்றே நகர்ந்து, முகமாலையில் அதே பனைகளுக்கு நடுவே, அதே மணலில்தான் விழும்.